தொலைவிலுள்ள கொள்வோரிடம் விளைபொருளுக்குப் பணம் பெறும் முறை

மன்னார்ப் பெருநிலப் பகுதியில் கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் காலபோக நெல் மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையாகின்றது. உயிலங்குளம், முருங்கன், நானாட்டான், அடம்பன் ஆகிய இடங்களிற் களத்து நெல் மூடையாகும் நாட்களிலேயே விலையும் இறங்கிவிடும் என்பதைக் கமக்காரர் அனைவரும் அறிவர். முன்னர் அந்நாட்களில் வாசலுக்கு வரும் தரகர் சொன்னதே விலையாக இருந்தது. இப்பொழுது நிலைமை சிறிது மாறியுள்ளது. களத்திற் குவித்த நெல்லையும், தீவுப் பகுதியின் மணற்பாங்கான தோட்டங்களிற் கிணற்று நீரால் விளையும் கத்தரி, வெண்டி, மிளகாய், முருங்கைக்காய் முதலியவற்றையும் கைத்தொலைபேசியாற் படம் பிடித்து முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ விளம்பரத் தளங்களிலோ இட்டால், வவுனியாவிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கொள்வோர் அழைக்கின்றனர். தரகர் கூறியதிலும் கிலோவுக்குச் சில ரூபா கூடுதலாகக் கிடைத்தலும் உண்டு. ஆதலின் இம்முறையை வேண்டாமென்று தள்ளுதல் அறிவுடைமையாகாது.

எனினும் இதில் ஒரு தொல்லை உள்ளது. தரகர் எவ்வளவு குறைத்து வாங்கினாலும் அவரைக் கமக்காரர் அறிவார். அவர் வீடு தெரியும். அவர் உறவினரைத் தெரியும். பாக்கி வைத்தவரை மடுத் திருவிழாவிலேனும் கண்டு கேட்கலாம். தொலைபேசியிற் பேசுபவரை அவ்வாறு கேட்க இயலாது. அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்திற் சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது வாங்கியவருக்குத் தெரியாது. இன்றைய தொலைபேசி வியாபாரத்தில் அந்த ஐயம் விற்பவர் பக்கம் வந்து சேர்ந்துள்ளது. நெல்லைக் கொள்வோர் கண்ணாற் காண்கின்றார். பணத்தைக் கமக்காரர் காண்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

நானாட்டானில் ஒருவர் 5,000 கிலோ நாட்டு நெல்லை விற்க விரும்புகின்றார் எனக் கொள்வோம். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அரசு அறிவித்த கொள்வனவு விலை நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா ஆகும். அக்கணக்கில் இந்நெல் 600,000 ரூபா பெறும். குருநாகலிலிருந்து பேசுவதாகக் கூறும் ஒருவர் கிலோவுக்கு 125 ரூபா தருவதாக ஒப்புக்கொண்டு, மறுநாட் காலையிலேயே லொறியையும் அனுப்புகின்றார். மூடைகள் ஏற்றி முடியுந் தறுவாயில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகின்றது. அதில் வங்கியின் பெயர், கமக்காரரின் பெயர், கணக்கிலக்கம், 625,000 ரூபா என்னும் தொகை ஆகிய யாவும் சரியாகவே உள்ளன. ‘வெற்றிகரமாக அனுப்பப்பட்டது’ என்ற சொற்களும் பச்சை நிறத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. வெயில் ஏறுமுன் புறப்பட வேண்டுமெனச் சாரதி அவசரப்படுத்துகின்றார். லொறி போய்விடுகின்றது. மாலையில் வங்கியில் விசாரித்தால் ஒரு சதமேனும் வந்து சேரவில்லை. கொள்வோரின் தொலைபேசியும் ஓய்ந்துவிட்டது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

இங்கே சாரதி பெரும்பாலும் குற்றமற்றவர். அவர் வாடகைக்கு அமர்த்தப்பட்டவர். சொன்ன இடத்தில் நெல்லை இறக்கிவிட்டுப் போவார். அந்நெல்லைப் பெற்ற ஆலைக்காரரும் ஏமாற்றப்பட்டவராக இருத்தல் கூடும். ஏமாற்றுபவர் ஆலைக்காரரிடம் தம்மை நெல்லுக்கு உடையவர் என்றும், கமக்காரரிடம் தம்மை ஆலையின் ஆள் என்றும் கூறிக்கொள்வார். நெல் கமக்காரரிடமிருந்து ஆலைக்குச் செல்லும். பணம் ஆலையிலிருந்து ஏமாற்றுபவரின் கணக்குக்குச் செல்லும். இடையில் நின்றவரை இருவரும் கண்டதில்லை. நெல் அரிசியாகிய பின்னர் அதனைத் தேடி மீட்பது எளிதன்று. ஆதலால் மூடை ஏற்றத் தொடங்குமுன் லொறியின் இலக்கத்தையும் சாரதியின் பெயரையும் எழுதிக்கொண்டு, நெல் எந்த ஆலையில் இறக்கப்படும் என்பதைச் சாரதியிடமே கேட்டு, அந்த ஆலையின் தொலைபேசி இலக்கத்தை வேறு வழியால் அறிந்து, கமக்காரர் தாமே ஒருமுறை பேசுதல் வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சில் இவ்வகைச் சூழ்ச்சி வெளிப்பட்டுவிடும்.

பணம் வந்தது என்பது எப்பொழுது

கமக்காரர் தம் கணக்கின் மீதியைத் தாமே, தம் வழியால், தம் வங்கியிடமிருந்து பார்த்து அறிந்த பின்னரே பணம் வந்தது எனக் கொள்ளலாம். அதற்கு முன்னர் வரும் படம், பற்றுச்சீட்டு, குறுஞ்செய்தி, சொல் ஆகிய யாவும் பணம் வரும் என்பதற்கான வாக்குறுதி மாத்திரமே.

படம் எவ்வாறு பொய்யாகும் எனச் சிலர் வினவலாம். முற்றிலும் போலியாக வரையப்பட்ட படமும் உண்டு. 625 ரூபா அனுப்பிப் பெற்ற உண்மைச் சீட்டில் மூன்று சுழியங்கள் சேர்க்கப்பட்ட படமும் உண்டு. இவற்றிலும் நுட்பமானது பிறிதொன்று. வங்கிச் செயலிகளிற் பணத்தைப் பின்னொரு நாளில் அனுப்புமாறு முன்கூட்டியே கட்டளை இடலாம். அக்கட்டளை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வங்கி தரும் சீட்டு உண்மையானதே. ஆனால் அந்நாள் வருமுன் கட்டளை இட்டவர் அதனை நீக்கிவிடலாம். சீட்டைப் படித்தறிந்தவரும் திகதி குறித்த சிறிய எழுத்தைக் கவனியாது ஏமாறுவர்.

குறுஞ்செய்தியும் அத்தகையதே. வங்கியின் பெயரைப் போலத் தோன்றும் பெயரிற் பிறரும் செய்தி அனுப்ப வழிகள் உள்ளன. செய்தி வந்தால் அதனை ஓர் அறிவித்தலாக மாத்திரம் கொண்டு, கணக்கைத் திறந்து பார்த்தல் வேண்டும். வங்கிச் செயலி உடையோர் அதிற் பார்க்கலாம். செயலி இல்லாதோர் ஏ.ரி.எம். இயந்திரத்தில் மீதியைப் பார்க்கலாம். வங்கிப் புத்தகத்தைப் பதியலாம். அல்லது அட்டையின் பின்புறத்திலோ வங்கிப் புத்தகத்திலோ அச்சிடப்பட்டுள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். கொள்வோர் அனுப்பிய ‘வங்கி இலக்கத்துக்கு’ அழைத்தல் கூடாது. அங்கே மறுமொழி கூறுபவர் அவருடைய கூட்டாளியாக இருப்பார்.

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். கணக்குத் திறந்த நாளில் வீட்டிலிருந்த மகனின் தொலைபேசி இலக்கமே பல கமக்காரரின் வங்கிக் கணக்குகளிற் பதியப்பட்டுள்ளது. மகன் இப்பொழுது கட்டாரிலோ கனடாவிலோ இருப்பார். அந்த இலக்கம் வேறொருவருக்குப் போயிருக்கவும் கூடும். விற்பனையைத் தொடங்குமுன் வங்கிக் கிளைக்குச் சென்று, தம் கையிலுள்ள தொலைபேசியின் இலக்கத்தைக் கணக்கிற் பதிவித்தல் முதல் வேலையாகும்.

எவ்வழியாற் பெறுவது நன்று

பெருந்தொகைக்கு ஏற்றது உடனடி வங்கி மாற்றமாகும். 2015 ஆம் ஆண்டில் நம் நாட்டில் சீ.ஈ.எப்.ரி.எஸ். எனப்படும் பொது மின்னணு நிதி மாற்ற முறை தொடங்கப்பட்டது. இதன் வழியே ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்கு அனுப்பப்படும் பணம் இரவு பகல், விடுமுறை என்ற வேறுபாடின்றிச் சில கணங்களிற் சேர்ந்துவிடும். இம்முறையைப் பயன்படுத்துமாறு கொள்வோரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். ‘அனுப்பிவிட்டேன், நாளை வந்துவிடும்’ என்று கூறுபவர் ஒன்று வேறு முறையால் அனுப்பியுள்ளார் அல்லது அனுப்பவே இல்லை. எதுவாயினும் லொறி நாளை வரைக்கும் நிற்கலாம்.

சந்தையிலோ வீட்டு வாசலிலோ சில்லறையாக மரக்கறி விற்போருக்கு லங்கா கியூ.ஆர். குறி பயன்படும். வங்கி வழங்கும் அந்த அட்டையைக் கடையில் வைத்தால், வாங்குவோர் தம் தொலைபேசியால் அதனைப் படித்துப் பணம் செலுத்துவர். 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆம் நாள் முதல் இந்தியாவிலிருந்து வருவோரும் தம் நாட்டு யூ.பி.ஐ. செயலிகளால் இக்குறிக்குப் பணம் செலுத்தலாம். திருக்கேதீச்சரத்துக்கு வரும் யாத்திரிகருக்கு இளநீரும் பழமும் விற்போர் இதனை மனத்திற் கொள்ளத்தக்கது. ஆனால் அட்டையின் மேல் வேறொருவர் தம் குறியை ஒட்டிவிட்டாற் பணம் அவருக்கே சேரும். காலையிற் கடை திறந்ததும் அட்டையை விரலால் தடவிப் பார்த்தலும், முதல் விற்பனை கணக்கிற் சேர்ந்ததா என நோக்குதலும் நன்று.

காசோலையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். நெல் வியாபாரத்தில் இன்றும் அது பெருவழக்காக உள்ளது. 2006 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் காசோலையின் பிம்பத்தை அனுப்பித் தீர்க்கும் முறை நடைமுறையில் உள்ளமையால், முன்போல் நாட்கணக்கிற் காத்திருத்தல் வேண்டியதில்லை. எனினும் காசோலை இட்ட நாளிலேயே அது பணமாவதில்லை. அடுத்த வேலை நாள் வரைக்கும் பொறுத்தல் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையிற் காசோலையுடன் வரும் புதிய கொள்வோரிடம் சற்று விழிப்பாயிருத்தல் நன்று. சனி, ஞாயிறு கடந்து, திங்கள் போயா நாளாகவும் இருந்துவிட்டாற் காசோலை திரும்பியதை அறிவதற்குள் நெல் அரிசியாகி விற்கப்பட்டும் விடும். பின்திகதியிட்ட காசோலை கடனுக்குக் கொடுத்த சீட்டே என்பதில் ஐயமில்லை. அறிமுகமான ஆலைக்காரரிடம் அதனைப் பெறுதல் அவரவர் விருப்பம். அறியாதவரிடம் பெறுதல் ஆகாது. கணக்கிற் போதிய பணமில்லை என அறிந்தும் காசோலை எழுதுதல் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆயினும் வழக்குக்கு நாள் செல்லும். அடுத்த போகத்துக்கு உழவும் விதையும் அதுவரை காத்திரா. காசோலையைப் பெற்றேயாக வேண்டுமாயின், அதன்மேல் இரு குறுக்குக் கோடுகளும் ‘பெறுநர் கணக்குக்கு மாத்திரம்’ என்ற சொற்களும் இருத்தல் வேண்டும். பெயரில் எழுத்துப்பிழை இருத்தல் கூடாது. எழுதிய திகதியிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வங்கியில் இடுதல் வேண்டும்.

ஒடியல், பனங்கட்டி, முருங்கையிலைத் தூள், செத்தல் மிளகாய் போன்றவற்றைப் பொதியாக அனுப்புவோருக்குப் பொருளைக் கொடுத்துப் பணம் பெற்று வரும் விநியோகச் சேவை ஏற்றது. பொதியைப் பெறுபவர் வாசலிற் பணம் கொடுப்பார். விநியோக நிறுவனம் அதனைச் சில நாட்களின் பின்னர் விற்றவரின் கணக்குக்கு அனுப்பும். வாங்குவோருக்கும் இதில் அச்சமில்லை. இதிலுள்ள குறை யாதெனில், பெறுபவர் பொதியை மறுத்துவிட்டால் திரும்பி வரும் செலவு விற்றவரைச் சேர்வதேயாகும். ஆதலின் அனுப்புகூலியை மாத்திரம் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளலாம். அழுகும் மரக்கறிக்கு இம்முறை உதவாது.

கடல் கடந்து வாழும் நம்மவர் ஊரிலுள்ள பெற்றோருக்கு அரிசியும் மரக்கறியும் கொடுக்குமாறு கூறிப் பணம் அனுப்புதலும் இப்பொழுது உண்டு. அப்பணம் வங்கி மூலமாகவோ அனுமதி பெற்ற பண அனுப்பு நிலையத்தின் மூலமாகவோ வருதல் வேண்டும். சிலர் ‘உண்டியலிற் போடுகிறேன்’ என்பர். உண்டியற் பணத்தை முன்பின் அறியாத ஒருவர் கமக்காரரின் கணக்கில் இட்டுச் செல்வார். அவருக்கு அப்பணம் எங்கிருந்து வந்தது என்பது எவருக்கும் தெரியாது. அது களவுப் பணமாயிருப்பின், 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் விசாரணை வரும்பொழுது, கணக்கு உடையவரே மறுமொழி கூற வேண்டியவராவார், கணக்கும் முடக்கப்படலாம். இதே காரணத்தால், ‘என் கணக்கில் ஒரு தொல்லை, உங்கள் கணக்கில் இட்டு எடுத்துத் தாருங்கள், ஏதேனும் தருவேன்’ எனக் கேட்பவருக்கும் இணங்குதல் கூடாது.

பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதில்லை

பணம் பெறுவதற்குத் தேவையானவை நான்கே: கணக்கு உடையவரின் பெயர், கணக்கிலக்கம், வங்கியின் பெயர், கிளையின் பெயர். இவற்றை எவருக்கும் தயங்காது கொடுக்கலாம். இவற்றுக்கு மேல் ஒன்று கேட்கப்படின் அதற்குக் காரணம் பணம் தருதலன்று, பணம் எடுத்தலேயாகும். அட்டையின் இலக்கம், அதன் பின்புறத்து மூன்று எண்கள், ஏ.ரி.எம். பின் எண், தொலைபேசிக்கு வரும் ஓ.ரி.பி. எண் ஆகிய எவையும் பணம் பெறுவதற்கு வேண்டப்படுவதில்லை. வங்கி உத்தியோகத்தரும் அவற்றைக் கேட்பதில்லை.

இதனை ஏமாற்றுபவர் பலவாறு மறைத்துக் கேட்பர். ‘விநியோக நிறுவனத்தில் உங்கள் பணத்தைக் கட்டிவிட்டேன், இந்த இணைப்பை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு செய்தி வரும். அழுத்தினால், நன்கு தெரிந்த நிறுவனத்தின் பக்கத்தைப் போன்றதொரு பக்கம் தோன்றி, அட்டை விபரத்தைக் கேட்கும். விபரத்தை இட்டதும் ஓ.ரி.பி. வரும், அதையும் இட்டால் கணக்கிலுள்ள பணம் போய்விடும். மற்றொருவர், பணம் சேராததன் காரணத்தைப் பார்த்துச் சொல்வதாகக் கூறித் தொலைபேசியின் திரையைத் தமக்குக் காட்டும் செயலி ஒன்றைப் பதியச் சொல்வார். அதன் பின்னர் வரும் எண்களெல்லாம் அவர் கண்ணுக்கும் புலப்படும்.

அயல் நாட்டில் நிகழ்ந்தது நமக்குப் பாடமாகும். இந்தியாவில் யூ.பி.ஐ. முறை 2016 ஆம் ஆண்டில் தொடங்கியது. இணையத்திற் பொருள் விற்பவரைத் தொலைவிலுள்ள படைவீரர் எனக் கூறி அழைத்து, பணம் அனுப்புவதற்குப் பதிலாகப் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி, ‘பின் எண்ணை இட்டால் உங்களுக்குப் பணம் சேரும்’ என்று நம்பவைத்து ஏமாற்றும் முறை அங்கே பரவிற்று. இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்ட எச்சரிக்கைக் கையேட்டில் இதனை விளக்கியுள்ளது. முடிவில், தனியார் ஒருவர் மற்றொருவரிடம் அவ்வாறு பணம் கேட்கும் வசதியே 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல் நிறுத்தப்பட்டது. அங்கு ஏமாந்தோரிற் கற்றவரும் பலர். பின் எண் இடுவது பணம் கொடுப்பதற்கே என்ற ஒரு செய்தியை அவர்கள் அவசரத்தில் மறந்தனர். கியூ.ஆர். குறியும் அவ்வாறே: விற்பவர் தம் குறியைக் காட்டுவார், கொள்வோர் படிப்பார். விற்பவரைப் படிக்கச் சொல்லும் குறியைத் தொடாது விடுக.

கூடுதலாக வந்த பணம்

ஒரு நாள் கணக்கில் 50,000 ரூபாவுக்குப் பதிலாக 150,000 ரூபா தோன்றுகின்றது. கொள்வோர் அழைத்து, தவறுதலாகக் கூட அனுப்பிவிட்டதாகவும், மிகுதியை வேறொரு கணக்குக்கு உடனே அனுப்புமாறும் கெஞ்சுகின்றார். நேர்மையுள்ள கமக்காரர் உடனே அனுப்பவே விரும்புவார். இங்கேயே பொறி உள்ளது. அப்பணம் காசோலையாக இடப்பட்டிருப்பின், கணக்கிற் தோன்றினும் அது இன்னும் தீர்க்கப்படாத பணமாயிருக்கலாம். காசோலை திரும்பும்பொழுது அனுப்பிய மிகுதி கமக்காரரின் சொந்தப் பணமாகிவிடும். வேறொருவரின் கணக்கிலிருந்து களவாடி அனுப்பிய பணமாகவும் இருக்கலாம். மிகுதியைத் தாமே அனுப்பாது, வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் அறிவித்து, வந்த வழியாலேயே திருப்பும்படி கேட்டல் வேண்டும். உண்மையாகவே தவறியவர் இதற்கு மறுப்புக் கூறமாட்டார்.

நெல்லுக்கு ஒரு முறை, மரக்கறிக்கு ஒரு முறை

ஏமாற்றுபவரின் பெரிய துணை கமக்காரரின் அவசரம். இதில் நெல்லும் மரக்கறியும் ஒன்றல்ல. ஈரப்பதன் நூற்றுக்கு 14 வீதத்துக்கு மேற்படாது காயவைத்த நெல் மூடையிற் பல மாதங்கள் கிடக்கும். ஒரு நாள் தாமதத்தால் அதற்கு இழப்பில்லை. ஆதலால் நெல் விற்பவர் எவருடைய அவசரத்துக்கும் இணங்க வேண்டியதில்லை. நெல்லை லொறியில் ஏற்றுமுன் நிறுத்து, மொத்தத் தொகையை இருவரும் ஒப்புக்கொண்டு, அந்த இடத்திலேயே கொள்வோர் பணத்தை அனுப்ப, கமக்காரர் கணக்கைப் பார்த்து, அதன் பின்னரே ஏற்றத் தொடங்குதல் சிறந்தது. சட்டமும் இதற்கு ஆதரவாகவே உள்ளது. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பொருளைக் கொடுத்தலும் விலையைக் கொடுத்தலும் ஒரே காலத்தில் நிகழ வேண்டியவை; விலை பெறாத விற்பனையாளர் தம் வசமுள்ள பொருளைத் தடுத்துவைக்கவும் உரிமையுடையவர். ‘ஏற்றிய பின் தருகிறேன்’ என்பது வழக்கமாயிருக்கலாம், சட்டமன்று.

தொலைபேசித் தொடர்பு சரிவரக் கிடையாத ஊர்களும் நம் மாவட்டத்தில் உள்ளன. அங்கே உள்ளோர் பணத்தைப் பார்க்க இயலாத இடத்தில் நின்று பொருளை ஒப்படைத்தல் ஆகாது. நெல்லை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, வங்கியும் ஏ.ரி.எம். இயந்திரமும் உள்ள இடத்துக்குக் கொண்டு சென்று, அங்கே நிறுத்து மாற்றிக்கொடுத்தல் சிறிது செலவாயினும் தகும்.

மரக்கறிக்கு இவ்வாறு நிற்க இயலாது. பறித்த வெண்டி மறுநாள் முற்றிப்போகும்; கத்தரி வாடிவிடும். பறித்துக் கட்டிய பின்னர் விலைபேசுபவர் தம் கையைத் தாமே கட்டிக்கொண்டவராவார். ஆகவே மரக்கறிக்குப் பாதுகாப்பு அறுவடைக்கு முன்னரே அமைதல் வேண்டும். கொள்வோர் முற்பணம் அனுப்பி, அது கணக்கிற் சேர்ந்தது எனக் கண்ட பின்னரே பறிக்கத் தொடங்குக. பறிகூலியும் சாக்கும் கட்டுக்கூலியும் சேர்ந்த செலவிற் குறையாத தொகையை முற்பணமாகக் கேட்டல் முறை. மீதியை நிறுத்தவுடன் பெறுதல் வேண்டும். முதன்முறை வாங்குபவருக்கு ஒரு சிறு தொகுதியை மாத்திரம் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை: சிறு தொகைகளை இருமுறை ஒழுங்காகக் கொடுத்து நம்பிக்கை பெற்று, மூன்றாம் முறை பெருந்தொகையில் ஏமாற்றுவோர் உளர். ஆகவே கணக்கைப் பார்த்துக் கொடுக்கும் பழக்கத்தைப் பழகியவரிடத்தும் விடலாகாது. அதனால் நல்ல வியாபாரி எவரும் கோபங்கொள்ளார். அவரும் தம் பொருளை அவ்வாறே விற்பவர்.

ஓரிரு ஏக்கர் உடையோர் தனித்தனியே விற்பதிலும், கமக்காரர் அமைப்பின் வழியே ஒருமித்து விற்றல் இன்னும் நலம் தரும். அமைப்பின் கணக்குக்கு வரும் பணத்தைச் செயலாளரும் பொருளாளரும் பார்ப்பர். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணுக்குத் தப்பாது. தனியே விற்போர், சேமிப்பு உள்ள கணக்கை விடுத்து, விற்பனைக்கென வேறொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். பணம் வந்ததும் அதனைச் சேமிப்புக்கு மாற்றிவிட்டால், எதிர்பாராது ஏமாறினும் இழப்பு சிறிதாக முடியும்.

ஏமாந்துவிட்டால்

வெட்கத்தால் வாளாவிருத்தலே பெருந்தவறு. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதலில் தம் வங்கியை அழைத்து அட்டையையும் கணக்கையும் தடுக்கச் செய்தல் வேண்டும். அனுப்பப்பட்ட பணம் மற்றக் கணக்கிலிருந்து எடுக்கப்படுமுன் அறிவித்தால் அது நிறுத்தப்படவும் கூடும். ஆதலின் நாளை பார்ப்போம் என்பது கூடாது. பின்னர் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்க. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இத்தகைய குற்றங்கள் பலவற்றை உள்ளடக்குகின்றது. இலங்கைக் கணினி அவசர ஆயத்தக் குழுவை 101 என்னும் இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். வங்கி முறைப்பாட்டைக் கவனியாது விட்டால், மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். நம் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கம் பயிருக்கு வந்த நோய்க்கே மருந்து கூறும். பணத்துக்கு வந்த நோய்க்கு மேற்கூறிய இலக்கங்களே உரியவை.

முறைப்பாட்டுக்குச் செல்லும்பொழுது கொண்டு செல்ல வேண்டியவை: கொள்வோர் அழைத்த தொலைபேசி இலக்கங்கள், அவர் அனுப்பிய செய்திகளும் படங்களும், விளம்பரத்தின் படம், லொறியின் இலக்கம், சாரதியின் பெயர், நிறுத்த சீட்டு, வங்கிக் கணக்கின் அன்றைய அறிக்கை. கோபத்திலே செய்திகளை அழித்துவிடுதல் கூடாது. எழுதப் படிக்கத் துணை தேவைப்படுவோர் கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ அவற்றைக் காட்டி, முறைப்பாட்டை எழுதுவித்துக்கொள்ளலாம்.